3+ன்னு போட்ட கேம்: குழந்தைக்கு ஓகே, உங்க பர்ஸுக்கு?

ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் போன மாசச் செலவுக் கணக்கை உட்கார்ந்து பார்க்கணும்னு வீடியோல நான் அடிக்கடி சொல்வேன். இந்த ஜூன்ல அப்படிப் பார்க்கும்போது ஒரு இடத்துல இடிச்சது. வாடகை, பெட்ரோல், மளிகை, டீ, இஎம்ஐ எல்லாம் கழிச்ச பிறகும் 6,412 ரூபாய்க்குக் கணக்கு இல்ல.

பேங்க் ஸ்டேட்மெண்ட்டை இறக்கிப் பார்த்தேன். 29 ரூபாய். 89. திரும்பவும் 89. 159. 29. 299. இப்படி 27 வரி. பெரிய தொகையே 799தான். எல்லாமே யுபிஐ, எல்லாமே மே மாசம். ஒவ்வொரு தடவையும் மெசேஜ் வந்துதான் இருக்கு. ஆனா ஒரு நாளைக்கு முப்பது மெசேஜ் வர்ற போன்ல 89 ரூபாயை யார் திறந்து பார்க்கிறா?

மே மாசம் அக்காவும் அவ பையனும் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. பையனுக்கு 9 வயசு. மத்தியான வெயில்ல வெளிய விட முடியாதுன்னு என் போனைக் கொடுத்தது நான்தான். "என்னடா விளையாடுற?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். "இது ஃப்ரீ கேம் மாமா"ன்னான். நானும் சரின்னு விட்டுட்டேன்.

பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? பரோட்டா கடைல நான் ஸ்கேன் பண்ணிப் போடும்போது பக்கத்துலயே நின்னுட்டு இருந்திருக்கான். நாலு இலக்கம், என் பிறந்த வருஷம். ஊருக்கெல்லாம் பணத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறவனோட லட்சணம் இது. சிரிக்காதீங்க, உங்க பின்னையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

அவனைக் கேட்டப்போ அவன் முகத்துல திருட்டு முழியே இல்ல. "நீங்க டீக்கடைல போடுவீங்களே மாமா, அதே மாதிரிதான் போட்டேன்"னான். அவனைப் பொறுத்தவரை அது பணமே இல்ல, ஒரு நம்பர் அடிச்சா திறக்கிற கதவு. அக்கா கையை ஓங்கிட்டா. நான் தடுத்ததும் கோபம் என் பக்கம் திரும்புச்சு. "நீதானேடா ஊருக்கே எதை வாங்கலாம் எதை வாங்கக் கூடாதுன்னு சொல்ற? இவன் எந்த கேம் விளையாடலாம், எது ஆகாதுன்னு நீயே பார்த்துச் சொல்லு."

அதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் நான் பார்த்ததும் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை. உங்கள்ல நிறையப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு எனக்குத் தெரியும். ஆனா வீட்ல அக்கா பசங்க, அண்ணன் பசங்க வந்தா அவங்க கை நேரா சம்பாதிக்கிற மாமா போனுக்கும் சித்தி போனுக்கும்தான் போகும். நல்ல போனும் அதுதான், யுபிஐ இருக்கிற போனும் அதுதான்.

3+ன்னு சொன்னது யாரு?

முதல்ல நான் பண்ணின வேலை, அவன் விளையாடின கேமை ஸ்டோர்ல போய்ப் பார்த்தது. வயசு லேபிள் 3+. அதாவது மூணு வயசுக் குழந்தைக்கே பரவாயில்லன்னு அர்த்தம். அப்புறம் எப்படி 6,412 ரூபாய்?

இந்த லேபிள் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா இது புரியும். நம்ம ஊர்ல சினிமாவுக்கு சென்சார் போர்டு இருக்கு. ஒரு குழு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துட்டுத்தான் யு, யுஏ, ஏன்னு கொடுக்கும். 2024-ல இருந்து யுஏவுலயே 7+, 13+, 16+ன்னு மூணு பிரிவு வந்தாச்சு. மொபைல் கேமுக்கு அப்படி நடக்கிறதில்ல. ஐ.ஏ.ஆர்.சின்னு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு 2013-ல வந்தது. கூகுள் பிளே 2015-ல அதுல சேர்ந்தது. கேம் பண்ணின கம்பெனியே ஒரு கேள்வித்தாளை நிரப்பும்: ரத்தம் வருமா, கெட்ட வார்த்தை இருக்கா, சூதாட்டம் இருக்கா, ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க முடியுமா. அந்தப் பதிலை வெச்சு உடனே லேபிள் விழும். தப்பாப் பதில் சொன்னது தெரிஞ்சா பின்னாடி மாத்துவாங்க. ஆனா ஆரம்பத்துல யாரும் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துட்டு லேபிள் ஒட்டுறதில்ல.

லேபிளோட பிறப்பும் முக்கியம். அமெரிக்காவுல 1993-ல மார்டல் காம்பாட் மாதிரி கேம்கள்ல வர்ற வன்முறையைப் பத்தி செனட்ல பெரிய விசாரணை நடந்தது. அதோட பலனா 1994-ல வந்ததுதான் இ.எஸ்.ஆர்.பிங்கிற அமைப்பு. ஐரோப்பாவுல 2003-ல பெகி வந்தது. ரெண்டும் பிறந்த காலத்துல கேம்னா கடைல காசு கொடுத்து வாங்குற ஒரு பெட்டி. ஒரு தடவை வாங்கினா முடிஞ்சது. அதனால அவங்க கவலை முழுக்க திரையில என்ன தெரியுதுங்கிறதுதான். கேமே உட்கார்ந்து பில் போடும்னு அன்னிக்கு யாரும் நினைக்கல.

இது எவ்வளவு தூரம் கோணலாப் போகும்னு காட்ட ஒரு நிஜ உதாரணம். 2024 பிப்ரவரியில பலாட்ரோன்னு ஒரு சீட்டுக்கட்டு கேம் வந்தது. தனியா ஒரே ஆள் உருவாக்கினது. போக்கர் மாதிரி கைகளைச் சேர்க்கணும், பாயிண்ட் எடுக்கணும், அவ்வளவுதான். நிஜப் பணம் வெச்சு ஆட முடியாது. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கிட்டா உள்ளே மேற்கொண்டு விற்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது. பெகி அதுக்கு 18 கொடுத்தது. போக்கர் எப்படி ஆடுறதுன்னு சொல்லிக் கொடுக்குதுங்கிறது காரணம். அதே காலத்துல இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சிங்கிற ஃபுட்பால் கேமுக்கு பெகி கொடுத்தது 3. அதுல காசு கொடுத்து மூடின பேக்கை வாங்கலாம், உள்ள எந்த வீரர் வருவார்ங்கிறது அதிர்ஷ்டம். பலாட்ரோவை உருவாக்கினவர் 2024 டிசம்பர்ல இதைக் கிண்டல் பண்ணி எழுதினார்: நானும் லூட் பாக்ஸ் சேர்த்துட்டா எனக்கும் 3+ கிடைக்கும் போலன்னு. அப்பீல் போய், 2025 பிப்ரவரியில 18-ஐ 12 ஆக்கினாங்க.

அதனால லேபிளைத் தூக்கிப் போட்டுடலாமா? கூடாது. திரையில என்ன வரும்ங்கிறதுக்கு அது உபயோகமான விஷயம்தான். ஜிடிஏ 5-க்கு பெகி 18. இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, 12 வயசுப் பையன் அழுதாலும் வேண்டாம்தான். "கார்ட்டூன் மாதிரி இருக்கே, கேம்தானே"ன்னு வாங்கிக் கொடுக்கிற பெரியவங்க இன்னும் இருக்காங்க. ஆனா 18ன்னு போட்டிருந்தா வேண்டாம்னு முடிவு பண்றதுக்கு மட்டும்தான் லேபிள் உதவும். 3ன்னு போட்டிருந்தா சரின்னு முடிவு பண்றதுக்கு உதவாது.

லேபிளுக்குக் கீழ சின்ன எழுத்துல ரெண்டு வரி இருக்கும், அதைத்தான் யாரும் பார்க்கிறதில்ல. "இன்-ஆப் பர்ச்சேஸ் உண்டு", "விளம்பரங்கள் உண்டு"ன்னு. கூகுள் பிளேல "இந்த ஆப் பற்றி"ங்கிற பகுதியைத் திறந்து கடைசி வரைக்கும் போனா, ஒரு பொருளுக்கு எவ்வளவுல இருந்து எவ்வளவு வரைன்னு விலை போட்டிருப்பாங்க. ஐபோன் ஆப் ஸ்டோர்ல எந்தப் பாக்கெட் என்ன விலைன்னு பட்டியலே இருக்கும். குழந்தைக்கான கேம்னு சொல்லிட்டு ஒரே பொருளுக்கு மேல் விலை ஆயிரக்கணக்குல இருந்தா, அந்த விலையைக் கொடுக்கிறதுக்கு யாரையோ எதிர்பார்த்துத்தான் அதை வெச்சிருக்காங்க. மூணு வயசுக் குழந்தையை இல்ல.

ஃப்ரீ கேம் எப்படிச் சம்பாதிக்குது?

அந்த கேமை நானே அரை மணி நேரம் விளையாடினேன். மானம் போகுற மாதிரி இருந்தது, ஆனா நீங்களும் பண்ணுங்க. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்க. எந்த ரிவ்யூ படிக்கிறதை விடவும் இது பெருசு.

முதல் பத்து நிமிஷத்துல நாலு ஆஃபர் வந்தது. முதல் ஆஃபர்: 899 ரூபாய் மதிப்புள்ள பேக், உங்களுக்கு மட்டும் 29 ரூபாய், இன்னும் 59 நிமிஷம்தான். ஸ்டேட்மெண்ட்ல முதல் வரி 29 ரூபாய்னு சொன்னேன் இல்லையா? அங்கதான் அவன் விழுந்திருக்கான். 29 ரூபாய்க்கு அவங்களுக்கு லாபம் வேண்டாம். ஒரு தடவை பின்னைப் போட்டுப் பழகிட்டா அடுத்த தடவை கை தயங்காது. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியில நம்மள உள்ள இழுக்கிற அதே வேலை. என்ன, அங்க போறவருக்கு 9 வயசு இல்ல.

அடுத்தது ஜெம். ரூபாய்ல எதையும் நேரா விற்க மாட்டாங்க. பொருட்காட்சியில ராட்டினத்துக்கு டோக்கன் வாங்குற மாதிரி, முதல்ல ரூபாயை ஜெம்மா மாத்தணும். ஒரு உதாரணக் கணக்கு: ஹீரோவோட சட்டை 120 ஜெம், ஆனா ஜெம் 100, 500ன்னு பாக்கெட்லதான் கிடைக்கும். 100 வாங்கினா பத்தாது. இன்னொரு 100 வாங்கினா 80 மிச்சம். 80-ஐச் சும்மா விட மனசு வருமா? இன்னும் 40 இருந்தா அடுத்த சட்டை. இதுக்கு நடுவுல ரூபாய்ங்கிற ஞாபகமே போயிடும். அவனை நான் கேட்டேன், "இந்தச் சட்டை எத்தனை ரூபாய்டா?" அவனுக்குத் தெரியல. எனக்கும் போனை வாங்கி வகுத்துப் பார்த்தாத்தான் தெரிஞ்சது.

மூணாவதுதான் மோசமானது, பெட்டி. லூட் பாக்ஸ்ம்பாங்க. எங்க காலத்துல பெட்டிக்கடைல பிரைஸ் அட்டை தொங்கும். காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழிச்சா பலூனோ சீப்போ வரும். மேல பெருசா ஒரு பொம்மை தொங்கும், அதுக்காகத்தான் எல்லாரும் கிழிப்போம். அந்தப் பொம்மை யாருக்கும் விழுந்து நான் பார்த்ததில்ல. லூட் பாக்ஸும் அதேதான். ஆனா அட்டையில சீட்டு தீர்ந்துடும், இதுல தீரவே தீராது.

வாய்ப்பு எத்தனை சதவீதம்னு சொல்லணும்னு ஆப்பிள் 2017 கடைசியிலயும் கூகுள் 2019-லயும் விதி கொண்டு வந்தாங்க. அதனால கேமுக்குள்ள எங்கேயோ ஒரு சின்ன "i" மாதிரிக் குறியைத் தட்டினா சதவீதம் தெரியும். சரி, 1%ன்னு வெச்சுக்கோங்க. 100 தடவை திறந்தா கண்டிப்பா வந்துடும்னு பையன் நினைக்கிறான். பெரியவங்கள்லயும் பாதிப் பேர் அப்படித்தான் நினைப்பாங்க. கணக்கு வேற. 69 தடவை திறந்தாத்தான் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 100 தடவை திறந்தாலும் 100 பேர்ல கிட்டத்தட்ட 37 பேருக்கு வெறுங்கைதான். ஒரு பெட்டி 80 ரூபாய்னா அந்த 37 பேரும் ஆளுக்கு 8,000 ரூபாய் கொடுத்துட்டு வெளிய வர்றாங்க. பெல்ஜியம் 2018-லயே காசு கொடுத்து வாங்குற லூட் பாக்ஸ் சூதாட்டம்தான்னு முடிவு பண்ணிடுச்சு. 2003-ல லாட்டரியையே ஒழிச்ச மாநிலத்துல இருந்துட்டு, குழந்தை கையில இதைக் கொடுத்து வெச்சிருக்கோம்.

இது எல்லாம் என் புலம்பல் மட்டும் இல்ல, வழக்கு வரைக்கும் போன விஷயம். 2014-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் எஃப்.டி.சி, பெற்றோருக்குத் தெரியாம குழந்தைங்க ஆப்புக்குள்ள வாங்கினதுக்காக ஆப்பிள் குறைஞ்சது 3.25 கோடி டாலரும், கூகுள் குறைஞ்சது 1.9 கோடி டாலரும் திருப்பித் தரணும்னு செட்டில் பண்ணுச்சு. பிரச்னை என்னன்னா, அப்பா ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டா, கொஞ்ச நேரத்துக்குத் திரும்பக் கேட்காது. ஆப்பிள்ல அது 15 நிமிஷம். 15 நிமிஷத்துல ஒரு குழந்தையால எவ்வளவு வாங்க முடியும்னு உங்களுக்கே தெரியும்.

2022 டிசம்பர்ல ஃபோர்ட்நைட் கேமோட கம்பெனி எபிக் கேம்ஸ் மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டது. அதுல 27.5 கோடி, குழந்தைங்களோட தனியுரிமைச் சட்டத்தை மீறினதுக்கு அபராதம். 24.5 கோடி, குழப்பமான பட்டன்களால வாங்க வெச்சதுக்காக மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க. 2025 ஜனவரியில ஜென்ஷின் இம்பாக்ட் கம்பெனிக்கு 2 கோடி டாலர். பரிசு விழற வாய்ப்பையும் நிஜச் செலவையும் மறைக்கிற மாதிரி பல அடுக்கு நாணயம் வெச்சிருந்தாங்கங்கிறது புகார். 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு, பெற்றோர் சம்மதம் இல்லாம லூட் பாக்ஸ் விற்கக் கூடாதுன்னும் நிபந்தனை. நான் மேல சொன்ன 120 ஜெம் சட்டைக் கணக்கும் இதே ஜாதிதான்.

நம்ம நாட்டுலயும் 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் சட்டம் வந்துச்சேன்னு கேட்பீங்க. அது குறி வெச்சது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்களை. ரம்மி ஆப் போச்சு, ஜெம் வாங்கிச் சட்டை மாத்துற கேம் ஸ்டோர்ல அப்படியேதான் இருக்கு. அதனால இதுக்குக் காவல் நீங்கதான்.

பர்ஸைத் தாண்டியும் ரெண்டு விஷயம்

பணத்தைப் பத்தின இடம்ங்கிறதால பணத்தையே பேசிட்டேன். ஆனா அக்காவுக்கு நான் சொன்னதுல பாதி வேற.

ஒண்ணு, உள்ளே யாரோட பேச முடியும்? எபிக் வழக்குலயே இது ஒரு முக்கியக் குற்றச்சாட்டு: குரல் அரட்டையும் எழுத்து அரட்டையும் தானாவே ஆன்ல இருந்தது, குழந்தைங்க முன்பின் தெரியாதவங்களோட ஆட்டத்துல சேர்க்கப்பட்டாங்க. இந்த விஷயத்துல ராப்லாக்ஸ் தனிக் கதை. அது ஒரு கேமே இல்ல. பயனாளர்களே பண்ணின லட்சக்கணக்கான கேம்கள் இருக்கிற ஒரு சந்தை. "என் பொண்ணு ராப்லாக்ஸ் விளையாடுறா"ன்னு சொல்றது "என் பொண்ணு டிவி பார்க்கிறா"ன்னு சொல்ற மாதிரி. எந்த சேனல்? அதை உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும். 2024 நவம்பர்ல அவங்க, 13 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கேமுக்கு வெளிய நேரடியா மெசேஜ் அனுப்புறதை நிறுத்தினாங்க. நல்ல விஷயம். ஆனா அப்ப அது வேலை செய்யணும்னா குழந்தை கணக்கைத் தொடங்கும்போது நிஜ வயசைச் சொல்லியிருக்கணும்னு இருந்தது. என் அக்கா பையன் அவன் கேம்ல பிறந்த வருஷம் 2000ன்னு போட்டிருந்தான். ஏன்டான்னா, "அதுதான் முதல்ல வந்துச்சு மாமா".

ரெண்டாவது, நிறுத்துறதுக்கு இடம் இருக்கா? லெவல் முடிஞ்சா நிறுத்தலாம், செஸ் ஒரு ஆட்டம் முடிஞ்சா நிறுத்தலாம். தினமும் வந்தா பரிசு, ஒரு நாள் விட்டா எல்லாம் பூஜ்ஜியம்ங்கிற கேமை நிறுத்தவே முடியாது. மே மாசம் ஒரு நாள் நான் காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டேன். அன்னிக்கு இவன் பல்லு கூட தேய்க்காம என் போனைத் தேடி அழுதிருக்கான். 14 நாள் தொடர்ச்சி விட்டுப் போயிடும்னு. அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். பிஜிஎம்ஐ 2023 மே மாசம் திரும்ப வந்தப்போ 18 வயசுக்குக் கீழ ஒரு நாளைக்கு 3 மணி நேரம்னு வரம்பு வெச்சாங்க. அதுவும் நிஜ வயசைச் சொல்றவங்களுக்குத்தான், அதோட மூணு மணி நேரமே எனக்கு அதிகமாத்தான் படுது.

துப்பாக்கி இருக்கிற கேம் எல்லாம் கெட்டது, பழம் வெட்டுற கேம் எல்லாம் நல்லதுன்னு நாங்க எங்க வீட்ல பிரிச்சு வெச்சிருந்தோம். இப்ப எனக்கு அப்படித் தோணலை. காலைல ஆறு மணிக்கு ஒரு குழந்தையை அழ வெச்சது பழமும் மிட்டாயும் நிறைஞ்ச 3+ கேம்தான்.

போன்ல என்ன மாத்தணும்

இது சீக்கிரம் முடிஞ்சிடும். பத்து நிமிஷ வேலை.

கூகுள் பிளே செட்டிங்ஸ்ல ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கணும்னு வைங்க. குழந்தைக்குத் தனிக் கணக்கு ஆரம்பிச்சு ஃபேமிலி லிங்க்ல சேர்த்தா, வாங்குறதுக்கு உங்க ஒப்புதல் கேட்கும். ஐபோன்ல ஃபேமிலி ஷேரிங்ல "ஆஸ்க் டு பை" இருக்கு. அது வேண்டாம்னா ஸ்க்ரீன் டைம்ல இன்-ஆப் பர்ச்சேஸையே மொத்தமா அடைச்சிடலாம்.

யுபிஐ பின் பிறந்த வருஷமா இருந்தா இன்னிக்கே மாத்துங்க. கார்டுக்கு ஓடிபி வரும்னு நிம்மதியா இருக்காதீங்க, அந்த ஓடிபி குழந்தை கையில இருக்கிற அதே போனுக்குத்தான் வருது. யுபிஐ லைட்ல 1,000 ரூபாய் வரைக்கும் பின்னே கேட்காது, அதனால போன் கை மாறுற வீட்ல அதுல பெருசாப் போட்டு வைக்காதீங்க. யுபிஐ ஆப்ல ஆட்டோபே பட்டியலையும் ஒரு தடவை பாருங்க. சில கேம்ல வாராந்திர பாஸ், மாதாந்திர பாஸ்னு சந்தா இருக்கும். ஒரு தடவை அனுமதி கொடுத்துட்டா 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு மாசமும் ஓடிபி கேட்காமலே போகும்.

பணம் போயிடுச்சா? கூகுள் பிளேல வாங்கி 48 மணி நேரத்துக்குள்ள ரீஃபண்ட் கேட்டா வாய்ப்பு அதிகம். தாண்டிட்டா கேம் கம்பெனிகிட்டயே கேட்கச் சொல்வாங்க. ஆப்பிளுக்கும் தனியா முறையிடுற பக்கம் இருக்கு. எனக்கு இது எதுவும் அப்பத் தெரியாது. தெரிஞ்சப்போ ஒரு மாசம் ஆகிடுச்சு. (6,412 ரூபாயை எஸ்ஐபில போட்டிருந்தா 20 வருஷத்துல எவ்வளவு ஆகியிருக்கும்னு கணக்குப் போட மாட்டேன். எனக்கே எரிச்சலா இருக்கு.)

அக்காவுக்கு என்ன சொன்னேன்?

ரெண்டு கேம் சொன்னேன். ஒண்ணு மைன்கிராஃப்ட். பெகி 7. மொபைல்ல ஒரு தடவை விலை கொடுத்து வாங்கணும். அதுலயும் மைன்காயின்னு ஒரு நாணயமும் ஒரு கடையும் உண்டு, ஆனா அந்தக் கடைக்குப் போகாமலே வருஷக்கணக்குல விளையாடலாம். மல்டிபிளேயரை அடைச்சு, தனி உலகத்துல வீடு கட்டுன்னு விட்டோம். முதல் நாள் அக்கா கேட்டா, "அதான் ஃப்ரீயா ஆயிரம் கேம் இருக்கேடா, இதுக்கு ஏன் காசு?" நான் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துக் காட்டினேன். 27 வரி. அதுக்கு அப்புறம் கேட்கல.

இன்னொண்ணு லிசெஸ், செஸ் ஆப். விளம்பரம் இல்ல, உள்ளே விற்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல, நன்கொடையில ஓடுற லாப நோக்கமில்லாத அமைப்பு. குழந்தைகளுக்கான கிட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா அரட்டை எல்லாம் அடைஞ்சிடும். ஃப்ரீன்னு சொல்லிட்டு நிஜமாவே ஃப்ரீயா இருக்கிற அபூர்வப் பிறவி.

அதோட மாசம் 100 ரூபாய் கிஃப்ட் கோடு ஒண்ணு, அவன் கணக்குக்கு. அது அவன் பணம். எதுல வேணும்னாலும் போடலாம், தீர்ந்தா அடுத்த மாசம்தான். ஒரு காசும் கொடுக்காதன்னு அக்கா சண்டை போட்டா. எனக்குத் தோணினது, 100 ரூபாய்ல ஏமாந்து பழகட்டும், இருபது வயசுல கிரெடிட் கார்டோட பழகுறதை விட மேல். இதுல நான் சொல்றது சரியான்னு எனக்கே முழுசாத் தெரியாது. ஜூலை மாசம் முழு நூறையும் ஒரே நாள்ல தீர்த்துட்டான். ஆகஸ்ட்ல 60 ரூபாய் மிச்சம் வெச்சிருந்தான்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா மதுரையில இருந்து போன் பண்ணினா. மைன்கிராஃப்ட்ல பெரிய கோட்டை கட்டியிருக்கானாம், அதுல மாமாவுக்குன்னு ஒரு ரூமும் உண்டாம். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்திட்டுச் சொன்னா: பழைய கேம் இன்னும் ஓடுதாம், எதிர்வீட்டுப் பையனோட அப்பா போன்ல. அந்த அண்ணாவோட பின் நம்பர் இவங்க ரெண்டு பேருக்கும் தெரியுமான்னு அக்காவுக்குச் சந்தேகமா இருக்காம்.

அந்த அண்ணாவோட நம்பரை வாங்கி, ஸ்டேட்மெண்ட்டை ஒரு தடவை பாருங்கண்ணான்னு மெசேஜ் அனுப்பியிருக்கேன். ப்ளூ டிக் வந்துடுச்சு. பதில் இன்னும் வரல.